நம் மன்றத்தை நாமே வரைவோம்



"இன்றைய இளைஞரே நாளைய தலைவர்கள்" என்று பேசாத ஆண்டு விழாத் தலைவர் உண்டா? நாமும் கைதட்டி மகிழ்கிறோம், வீடு திரும்புகிறோம். ஆனால் அந்த நாளைய தலைவர்களிடம், "இன்று உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் ஓர் அறை பூட்டிக் கிடந்த கதையைச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

பூட்டிய அறை

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள ஓர் அறை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தெருப் பெரியவர்கள் கூடி, பிள்ளைகள் வீணாகச் சுற்றாமல் இருக்க ஓர் இளைஞர் மன்றம் அமைப்பது என்று தீர்மானித்தார்கள். நல்ல எண்ணம்தான். வீட்டுக்கு வீடு பணம் திரட்டினார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு கேரம் போர்டு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, நாற்காலிகள், செய்தித்தாள் எல்லாம் வாங்கி வைத்தார்கள். வாழைமரம் கட்டித் திறப்பு விழாவும் நடந்தது. முதல் வாரம் உள்ளே நிற்க இடமில்லை. மூன்றாம் மாதம் ஆறேழு பையன்கள் மட்டும் வந்தார்கள். பெண்பிள்ளை ஒருத்திகூட இல்லை. ஆறாம் மாதம் கதவில் பூட்டு தொங்கியது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் செய்து கொடுத்தாலும் அருமை தெரியாது" என்று பெரியவர்கள் வருந்தினார்கள். பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே நானும் அப்படியே நினைத்தேன்.

ஒருநாள் மாலை, எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ஏம்மா, நீங்க யாரும் மன்றத்துக்குப் போறதில்லையா?" என்று கேட்டேன்.

"அது ஆறு மணிக்குத்தானே மிஸ் திறக்கிறாங்க? அந்த நேரத்துல நான் தண்ணி பிடிக்கணும், தம்பியைப் பாத்துக்கணும். அந்தக் கோடியில லைட்டு எரியாது, அம்மா விடமாட்டாங்க. பாத்ரூமும் கிடையாது. அப்படியே போனாலும் கேரம் போர்டு எங்க கைக்கு எப்ப வரும்? எங்களை யாரு மிஸ் கேட்டாங்க?" என்றாள்.

நேரம், விளக்கு, கழிப்பறை, முறை வைத்து ஆடும் ஒழுங்கு என்று நான்கு குறைகள். கழிப்பறையைத் தவிர மற்ற மூன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. ஆயினும் இந்த நான்கும் எங்களில் ஒருவர் எண்ணத்திலும் தோன்றவில்லை. காரணம், ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிப்பவர் எவரும் அன்றைய கூட்டத்தில் இல்லை.

இது புதிய எண்ணமா?

இளையோர் தமக்கு வேண்டிய மன்றத்தைத் தாமே அமைப்பது புதுமையன்று. இத்தாலியில் கியேரி என்னும் ஊரில் பள்ளி மாணவராக இருந்த தொன் போஸ்கோ, 1832-இல் தம் தோழர்களைச் சேர்த்து 'மகிழ்ச்சிச் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார். அதன் விதிகள் மிகச் சில. கிறிஸ்தவனுக்குத் தகாத பேச்சும் செயலும் கூடாது. கடமைகளைச் செவ்வனே செய்ய வேண்டும். எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் டூரின் நகரில் அவர் நடத்திய இல்லத்தில், பதினான்கு வயதுச் சிறுவனான சாமிநாதர் சாவியோ 1856-இல் தன் தோழர்களுடன் ஒரு சங்கம் அமைத்து, அதற்கு விதிகளும் எழுதினான். அச்சிறுவர்கள் வகுத்த விதிகளைப் பெரியவர் படித்துத் திருத்தம் சொன்னார். விதி எழுதும் வேலையை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை.

நம் சென்னையிலும் சான்று உண்டு. அடையாறு துர்காபாய் தேஷ்முக் சாலை வழியாகப் போகாதவர் நம்மில் குறைவு. 1909-இல் பிறந்த துர்காபாய், சிறுமியாக இருந்தபோதே பெண்களுக்கு இந்தி கற்பிக்க ஒரு பள்ளி நடத்தியவர். சென்னையில் 'லிட்டில் லேடீஸ் ஆஃப் பிருந்தாவன்' என்ற பெயரில் சிறுமியர் குழு ஒன்று இருந்தது. அத்தகைய சிறிய தொடக்கத்திலிருந்துதான் 1937-இல் ஆந்திர மகிளா சபை வளர்ந்தது. கல்விக்கூடம், மருத்துவமனை என்று அச்சபை பின்னர் கிளை பரப்பியது. துர்காபாயோ அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகி, நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரானார். சிறுமியர் குழுவைச் சிறிதென்று எண்ணலாகாது அல்லவா?

குமரி மாவட்டத்தின் குழந்தைகள் பாராளுமன்றம்

நாம் இன்று பின்பற்றத்தக்க சிறந்த சான்று தமிழகத்தின் தென்கோடியிலேயே இருக்கிறது. 1990-களில் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் எம். ஜான் அவர்களின் முயற்சியால் அண்டைவீட்டுச் சமூகங்கள் உருவாயின. சுமார் முப்பது வீடுகள் சேர்ந்தது ஓர் அண்டைச் சமூகம். அந்த முப்பது வீட்டுப் பிள்ளைகளும் தமக்கென ஒரு பாராளுமன்றம் அமைத்துக்கொண்டார்கள். ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர் அதன் உறுப்பினர்.

ஏன் முப்பது வீடு? கூட்டம் பெரிதானால் கூச்சமுள்ள பிள்ளை வாய் திறக்காது. சிறு கூட்டத்தில் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பும் உண்டு. ஒருவர் பிரதமர்; மற்றவர்கள் சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற துறைகளின் அமைச்சர்கள். தெருவிளக்கு, குப்பை, படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளை ஆகியவை அவர்கள் கவனிக்கும் செய்திகள். சிறு மன்றங்களின் சார்பாளர்கள் சேர்ந்து ஊர் மன்றமும், அவற்றின் மேல் மாவட்டம், மாநிலம் என்ற நிலைகளிலும் மன்றங்கள் அமைகின்றன.

அவர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று எவரும் கேட்பதில்லை. வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் கருதும் ஒருவரின் பெயரைச் சொல்லி, அதற்குக் காரணமும் கூறுகிறார்கள். எல்லோர் காரணங்களையும் கேட்டபின் மனம் மாறுவோர் மாற்றிச் சொல்லலாம். இறுதியில் தக்க மறுப்பு எவருக்கும் இல்லாத பெயர் ஏற்கப்படுகிறது. இம்முறையின் வேர் ஹாலந்து நாட்டில் உள்ளது. 1926-இல் பில்ட்ஹோவன் என்னும் ஊரில் பள்ளி தொடங்கிய கேஸ் பூக்கே என்னும் ஆசிரியர், மாணவரையும் ஆசிரியரையும் ஒன்றாக அமர வைத்துப் பள்ளியின் நடைமுறைகளைப் பேசி முடிவு செய்தார். எல்லோர் நலனையும் எண்ண வேண்டும். எல்லோரும் ஏற்கும் தீர்வைத் தேட வேண்டும். ஏற்ற முடிவை எல்லோரும் நிறைவேற்ற வேண்டும் என்ற மூன்றும் அவர் வகுத்த நெறிகள்.

பெரும்பான்மை ஓட்டில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டு பையன்களும் எட்டுப் பெண்களும் உள்ள மன்றத்தில் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டால், எட்டுப் பேரின் தேவை எத்தனை முறை வெல்லும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏணியின் எட்டுப் படிகள்

"நாங்களும் பிள்ளைகளைக் கலந்துகொள்ளத்தானே செய்கிறோம்" என்று சொல்லாத பெரியவர் இல்லை. கலந்துகொள்வதிலும் தரம் உண்டு. ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992-இல் யூனிசெப் நிறுவனத்துக்காக எழுதிய நூலில் இதனை எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியாக விளக்கினார்.

கீழ் மூன்று படிகளும் மெய்யான பங்கேற்பு அல்ல என்பது அவர் கருத்து. பொருள் புரியாத பிள்ளைகளின் கையில் தட்டியைக் கொடுத்து ஊர்வலத்தில் நிறுத்துவது முதற்படி. வண்ண உடை உடுத்தி விழாவில் அலங்காரமாக நிறுத்துவது இரண்டாம் படி. மேடையில் ஒரு பிள்ளையைப் பேசவிட்டு, அவள் சொன்னதைக் கீழே இறங்கியதும் மறந்துவிடுவது மூன்றாம் படி. நான்காம் படியில் வேலை பெரியவர் இட்டதுதான்; ஆனால் ஏன் என்று பிள்ளைக்குத் தெரியும். ஐந்தாம் படியில் கருத்துக் கேட்டு, அக்கருத்து என்னவாயிற்று என்றும் சொல்கிறார்கள். ஆறாம் படியில் பெரியவர் தொடங்குகிறார். முடிவைப் பிள்ளைகளோடு சேர்ந்து எடுக்கிறார். ஏழாவதில் பிள்ளைகளே தொடங்கித் தாமே நடத்துகிறார்கள். எட்டாவதில் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். முடிவெடுக்கப் பெரியவர்களையும் அழைத்துக்கொள்கிறார்கள்.

உச்சிப் படியில் பெரியவர்கள் விலகிப் போகவில்லை என்பதைப் பாருங்கள். அழைக்கப்பட்டு வருகிறார்கள்.

எங்கள் தெருவின் அறை எந்தப் படியில் இருந்தது? திறப்பு விழாவில் பூச்செண்டு கொடுக்க இரண்டு சிறுமியரை நிறுத்தினோம். இரண்டாம் படி!

இது வெறும் விருப்பமன்று, உரிமையும் ஆகும். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துக் கூறும் உரிமையைத் தருகிறது. ஓய்வும் விளையாட்டும் 31-ஆம் பிரிவில் உள்ளன. இந்தியா இவ்வுடன்படிக்கையில் 1992 டிசம்பரில் சேர்ந்தது.

பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்?

எங்கள் தெருவில் நடந்தது ஆஸ்திரியாவின் தலைநகரிலும் நடந்திருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் வியன்னா நகரப் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமியர் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். பையன்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. பெரிய திறந்தவெளி ஒன்றே ஒன்றாக இருந்தபோது, வலுத்தவர்கள் அதனைப் பிடித்துக்கொண்டார்கள். சிறுமியர் ஒதுங்கிப் போனார்கள். 1999-இல் நகராட்சி இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தது. பெரிய வெளியைச் செடிகொடிகளால் சிறு பகுதிகளாகப் பிரித்தது, நடைபாதைகளைக் கூட்டியது, கைப்பந்து, பூப்பந்து ஆடவும் இடம் தந்தது. சிறுமியர் திரும்பி வந்தார்கள்.

அவர்களுக்கு விளையாட ஆசை இல்லாமற் போகவில்லை. இடம்தான் இல்லாமற் போயிருந்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ ஒரு மாலை அமர்ந்து, பதின்மூன்று வயதுப் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஓடுகிறார்களா, ஓரத்தில் அமர்ந்து பார்க்கிறார்களா?

பார், சிந்தி, செய்

சரி, நாம் எப்படித் தொடங்குவது? பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன் 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கத்தை நிறுவி, பார்த்தல், சிந்தித்தல், செயல்படுதல் என்ற மூன்று படிகளைக் கற்பித்தார். திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1961-இல் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். நமக்கும் இதுவே போதும்.

முதலில் பார்த்தல். நால்வர் நால்வராகப் பிரிந்து உங்கள் தெருக்களில் நடந்து வாருங்கள். மன்றம் எந்த நேரத்தில் திறந்திருக்குமோ அந்த நேரத்தில் நடப்பது முக்கியம். காலையில் கலகலப்பான சந்து மாலையில் வேறு முகம் காட்டும். கையால் வரைந்த வரைபடத்தில் விளக்கு எரியும் கம்பம், எரியாத கம்பம், கடக்க அஞ்சும் சாலை, தைரியமாக நிற்கும் திண்ணை எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொருத்தியும் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை தன் நாள் எப்படிக் கழிகிறது என்று எழுதட்டும். அத்தனை தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்தால், எல்லோருக்கும் பொதுவாக ஓய்வுள்ள நேரம் தெரிந்துவிடும். 1997-இல் பெங்களூரின் சத்யநகர் என்னும் எளியோர் குடியிருப்பில், யூனெஸ்கோ ஆதரவுபெற்ற ஆய்வு ஒன்று ஓவியம், நடைச் சுற்று, புகைப்படம், நாள் அட்டவணை ஆகிய இம்முறைகளாலேயே பிள்ளைகளின் எண்ணங்களைத் திரட்டியது. ஏழ்மைக்கு நடுவிலும் அப்பிள்ளைகள் தம் குடியிருப்பை நேசித்ததை ஆய்வாளர் கண்டு வியந்தனர்.

ஒன்றை மறவாதீர்கள். நம் பள்ளிச் சீருடை அணிந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது. நொச்சிக்குப்பத்துப் பெண், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுடன் வரும் சிறுமி, சக்கர நாற்காலியில் இருப்பவள், மன்றப் பக்கமே வராதவள் ஆகியோரையும் கேளுங்கள். வராதவளுக்குத்தான் ஏன் வரவில்லை என்பது தெரியும்.

அடுத்து சிந்தித்தல். விரும்பியவற்றைப் படமாக வரைந்து தரையில் பரப்புங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, வேண்டிய படத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். சிறியோர், பெரியோர், ஆண், பெண் ஆகியோருக்குத் தனித்தனியே எண்ணுங்கள். மொத்தமாக எண்ணினால் சிறு குரல்கள் மறைந்துபோகும். பின்பு வட்டமாக அமர்ந்து, "இம்முடிவால் யாருக்கேனும் வர முடியாமற் போகுமா?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

மூன்றாவது செயல்படுதல். கட்டுவதற்கு முன் அறையைக் கோலமாவால் பள்ளி மைதானத்தில் முழு அளவில் வரையுங்கள். இருபதடிக்குப் பத்தடி. அதற்குள் ஒரு டேபிள் டென்னிஸ் மேசையையும் வரையுங்கள்; அது ஒன்பதடிக்கு ஐந்தடி. ஆடுவோர் பின்வாங்கவும் பக்கம் நகரவும் இடம் விட்டால் வேறெதற்கும் இடமில்லை. கேரம் போர்டின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரமே. நால்வர் சுற்றி அமர்ந்தாலும் ஒரு மூலையில் அடங்கிவிடும். பாய் விரித்து உட்கார ஒருவருக்கு எட்டுச் சதுர அடி என்றால், இருபது பேருக்கு 160 சதுர அடி. அறையோ 200 சதுர அடி. நமக்குப் பிரியமான டென்னிக்காய்ட் ஆடுகளம் ஏறக்குறைய நாற்பதடிக்குப் பதினெட்டடி. அதை அறைக்குள் எண்ணவே வேண்டாம். இக்கணக்கு தெரிந்தபின் எவரும் வீணாக அடம்பிடிக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு மாதம் சோதனையாக நடத்திப் பாருங்கள். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் அப்படி வந்ததுதான். கட்டுமுன் சில நாட்கள் வண்டிகளை நிறுத்தி, மக்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். ஒரு நகரமே சோதித்துப் பார்க்கும்போது ஓர் அறைக்கு நாம் சோதிக்கலாகாதா?

பெற்றோருக்கு ஒரு சொல்

மூன்று பொருள்களை இளையோரிடம் நம்பி ஒப்படையுங்கள். அவை சாவி, கணக்குப் புத்தகம், உண்மை. கையில் ஐயாயிரம் ரூபாய்தான் உள்ளது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாததைக் கேட்கவைத்துப் பின்பு ஏமாற்றுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடிது. அவர்கள் கேட்டதைச் செய்ய இயலவில்லையா? ஏன் இயலவில்லை என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. அதைப் பிள்ளைகள்மேல் சுமத்தாதீர்கள். மகளின் மாலை வேலையில் ஒரு மணி நேரத்தை மகனுக்கு மாற்றிக் கொடுத்தால், அதுவே மன்றத்துக்கு நீங்கள் தரும் பெரிய நன்கொடை.

அறை திறந்தது

எங்கள் தெருவின் கதையை முடிக்கிறேன். அந்தப் பெண்ணும் அவள் தோழியரும் பையன்கள் சிலருமாகப் பதினெட்டுப் பேர் கூடி இம்மூன்று படிகளையும் செய்தார்கள். மன்றம் இப்போது நாலரை மணிக்குத் திறக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியை விற்று, அப்பணத்தில் புத்தக அலமாரியும் பாய்களும் வாங்கினார்கள். கேரம் போர்டுக்கு நாள்முறை உண்டு. ஒரு மூலை தம்பி தங்கைகளுக்கு. அவர்களை அழைத்து வரலாம் என்றதும் வர இயலாத பெண்கள் ஐவர் வந்தார்கள். அந்த மூலை என் எண்ணத்தில் நூறாண்டுக்கும் தோன்றியிராது. விளக்குக்காக மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்து, கடிதமும் எழுதினார்கள். இரண்டாம் கடிதத்துக்குப்பின் விளக்கு எரிந்தது.

கழிப்பறை இன்னும் வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி தம் வீட்டுக் கதவைத் திறந்து விடுகிறார். அது உதவிதான், தீர்வு அல்ல என்று பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்வுக் காலத்தில் வருகை குறைகிறது, சண்டையும் வருகிறது. ஆனால் பூட்டு தொங்கவில்லை. சாவி மாதம் ஒருவரிடம் இருக்கிறது. இந்த மாதம் அது அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம். இப்போது அவள் பத்தாம் வகுப்பு.

மாணவியரே, உங்கள் தெருவிலும் ஒரு பூட்டிய அறை இருக்கலாம். மொட்டை மாடி இருக்கலாம். பங்கு மண்டபத்தின் ஓரம் இருக்கலாம். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திராதீர்கள். கோலமாவை எடுத்துக்கொண்டு நீங்களே வரையத் தொடங்குங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. நம் பள்ளியின் மன்றங்கள் ஏணியின் எந்தப் படியில் உள்ளன? ஒரு படி ஏற என்ன செய்யலாம்?

2. உன் நாள் அட்டவணையில் உனக்கே உரிய நேரம் எவ்வளவு? உன் அண்ணன் தம்பியின் அட்டவணையோடு ஒப்பிடுக.

3. இருபதடிக்குப் பத்தடி அறையை வரைந்து, இருபது பேருக்கு மன்றம் அமைத்துக் காட்டுக. அதில் வர இயலாதவர் யார்? அவருக்காக எதை மாற்றுவாய்?